படகில் ஏறுமுன் ஒரு வார்த்தை

(சித்திரைச் சுற்றுலா ஏற்பாட்டுக் கூட்டத்தில், தோட்ட வாசிகசாலை மண்டபத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு, கால் கழுவவும் நேரமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டிலே உலை வைக்க வேண்டியவர்களும் இருக்கிறீர்கள். அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழமையாகச் சித்திரைச் சுற்றுலாக் கூட்டம் என்றால் மூன்று சங்கதிதான் பேசுவோம். யாருடைய வான், தலைக்கு எவ்வளவு, சோறு கட்டுவது யார். அத்தோடு தேத்தண்ணி குடித்துக் கலைந்துவிடுவோம். இந்த வருசம் அறிவித்தல் பலகையில் கடிதாசி ஒட்டிய மறுநாள், மேல் டிவிசனில் வேலை செய்கிற ஓர் அம்மா எங்கள் கந்தோருக்கு வந்தார். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சொல்லமாட்டோம். வாசலிலேயே நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இந்தத் தடவ போட்டுல எத்தன பேர ஏத்துவீங்க?"

அவர் ஏன் கேட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருக்கும் தெரியும். ஆனால் இத்தனை வருசமாக இந்த மண்டபத்தில் அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. முக்கியமாக நாங்கள் பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுவோம்.

2011ஆம் ஆண்டு சித்திரை. இரண்டு வான் பிடித்துச் சுற்றுலா போனோம். கோயில் பார்த்தோம், பூந்தோட்டம் பார்த்தோம், பின்னேரம் ஓர் ஏரிக்கரையில் இறங்கினோம். எந்த ஏரி, யாருடைய படகு என்பதெல்லாம் இங்கே வேண்டாம். குற்றம் சொல்ல வரவில்லை. சொல்வதென்றால் முதலில் எங்களைத்தான் சொல்ல வேண்டும். கையில் மிச்சமிருந்த காசு படகுக்கு ஒரு தடவை கொடுக்கத்தான் காணும். படகிலே பத்துப் பேர் என்று எழுதியிருந்தது. ஏற நின்றவர்கள் பதினாறு பேர், அதோடு மடிப்பிள்ளைகள் மூன்று.

படகோட்டி ஒரு சின்னப் பெடியன். இருபது வயது இருக்கும், சம்பளத்துக்கு நிற்கிறவன். "கூட" என்று சிங்களத்தில் சொன்னான். அவன் சொன்னது எங்களுக்கு நன்றாக விளங்கியது. விளங்கிக்கொண்டுதான் பேரம் பேசினோம். "எல்லாம் ஒரே தோட்டத்து ஆட்கள், சின்னப் பிள்ளைகள், பாரமே இல்லை, கரையோடு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தால் போதும் மல்லி" என்று தெரிந்த சிங்களத்தில் நயமாகப் பேசி, அவன் கையில் இன்னும் கொஞ்சம் வைத்தோம். அவன் தலையைச் சொறிந்தான். அப்புறம் ஏற்றிக்கொண்டான். மடிப்பிள்ளைகளை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பஸ்ஸில் ரிக்கட் இல்லாத பிள்ளைக்குப் படகிலும் பாரம் இல்லை என்று நினைத்துவிட்டோம் போலிருக்கிறது.

உயிர்காப்பு அங்கி பத்துத்தான் இருந்தது. எல்லாம் பெரியாட்கள் அளவு. வாலிபர்கள் "எங்களுக்கு வேண்டாம், பொம்பளையாட்களுக்குக் கொடுங்க" என்றார்கள். கேட்க நல்லாத்தான் இருந்தது. அந்த அம்மாவின் மூன்று வயது மகளுக்கு ஒன்றைத் தலைவழியே மாட்டி, வார் இழுத்துக் கட்டாமல் அப்படியே விட்டார்கள். "குளிருக்கும் ஆச்சு" என்று யாரோ பகிடி பண்ணினார்கள். நாங்களும் சிரித்தோம்.

நடு ஏரியில் வேகப்படகு ஒன்று எங்களுக்குக் கிட்டவாக ஓடிப்போனது. அதைப் போட்டோ எடுக்கப் பெடியன்கள் நாலைந்து பேர் எழும்பி ஒரு பக்கமாக வந்தார்கள். அந்த நேரம் பார்த்து அதன் அலை வந்து அடித்தது. படகு சரிந்தது. விளிம்பு தண்ணிக்குக் கீழே போய், பச்சைத் தண்ணி உள்ளே ஊற்றியது. ஒரு பாட்டியின் நெற்றி பலகையில் மோதிப் பிளந்தது. பிள்ளை மடியிலிருந்து வழுக்கி வெளியே போனது. தாய் எட்டிப் பிடித்தார். அங்கியைத்தான் பிடித்தார். அங்கி கையோடு வந்தது. பிள்ளை அதற்குள் இல்லை.

அந்தப் படகோட்டிப் பெடியன்தான் குப்புறப் படுத்துக் கையை விட்டுப் பிள்ளையின் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். எவ்வளவு நேரம் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒருவேளை பத்து விநாடி இருக்கும். பிள்ளை பிழைத்தது. இன்றைக்கு வளர்ந்து பெரிய பிள்ளையாகிவிட்டது.

பிழைத்தது என்று சொல்லி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய பிழை. திரும்பி வரும்போது வானில் ஒருவரும் பாட்டுப் பாடவில்லை. தோட்டத்துக்கு வந்து இறங்கியதும், "துரைக்குத் தெரிஞ்சா அடுத்த வருசம் டிரிப் விடமாட்டாரு, யாரும் பேச வேணாம்" என்று ஒரு பேச்சு எழுந்தது. நாங்களும் அதற்குத் தலையாட்டினோம். சுற்றுலா அறிக்கையில், "சுற்றுலா இனிதே நிறைவுற்றது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தோம். அந்தக் கடிதாசி இப்போதும் பைலில் இருக்கிறது. போன கிழமை எடுத்துப் பார்த்தோம்.

இந்தப் பத்து விநாடியிலே பிழைத்தவர்கள் நாம். பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்த பிழையும் நாம் செய்த பிழையும் அநேகமாக ஒன்றுதான்.

தேக்கடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையால் உண்டான பெரிய ஏரி, சுற்றிலும் காடு. யானை, காட்டெருமை தண்ணி குடிக்க வரும். அதைப் படகில் இருந்தபடி பார்க்கத்தான் சனம் போகிறது. 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி பின்னேரம், அரசாங்கச் சுற்றுலாக் கழகத்தின் இரண்டு தட்டுப் படகு ஒன்று ஏறக்குறைய 80 பேரோடு போனது. பழைய படகு அல்ல, ஓட விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கரையில் மிருகங்கள் தெரிந்ததும் சனம் பார்க்கிற ஆசையில் ஒரு பக்கமாகத் திரண்டது. படகு சரிந்து கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள் அதில் பல பேர். பிறகு நடந்த விசாரணையில், ஆட்களைக் கூட்டி ஏற்றியது, படகின் அமைப்பிலேயே இருந்த குறை, எல்லாம் வெளியே வந்தன. உயிர்காப்பு அங்கி போட்டிருக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். அன்றைக்குப் புயல் இல்லை, வெள்ளம் இல்லை, பாறையில் மோதவும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

இது எப்படி நடக்கிறது என்பதை நமக்கு ஒருவர் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. கொழுந்து லொறியைப் பாருங்கள். சாக்கைத் தரையோடு பரப்பி அடுக்கினால் வளைவில் ஆடாமல் போகும். அதே சாக்கை உயரத்துக்கு அடுக்கி, கட்டும் தளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்தால், வளைவிலே என்ன நடக்கும் என்று சாரதிக்கும் தெரியும், பின்னால் தொங்கி வருகிற பெடியனுக்கும் தெரியும். படகும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும் மட்டும் பாரம் கீழே இருக்கிறது. எழும்பி நின்றால் பாரம் மேலே போகிறது. நின்றவர் ஒரு பக்கம் நகர்ந்தால் படகு அந்தப் பக்கம் சாய்கிறது. சாய்ந்ததும் மற்றவர்களும் அந்தப் பக்கமே சறுக்குகிறார்கள். உள்ளே கொஞ்சம் தண்ணி ஏறியிருந்தால் அதுவும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடுகிறது. தட்டத்தில் தேத்தண்ணி கொண்டுபோகும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் முழுத் தேத்தண்ணியும் அங்கேயே ஓடி வருகிறதல்லவா, அதே கதை. ஆகையால் படகு ஆடினால் எழும்பி மறுபக்கம் பாயக் கூடாது. இருந்த இடத்திலேயே குனிந்து பலகையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆம் திகதி, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த கடலில், தேவாலயத் திருநாளுக்காகப் பேருவளைக்குப் புறப்பட்ட படகு கவிழ்ந்து பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அளவுக்கு மிஞ்சி ஏற்றியிருந்தார்கள். திருநாள் சந்தோசத்தோடு ஏறின சனம். கேரளத்தில் தானூர் என்ற இடத்தில் 2023 மே 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, பொழுது சாய்ந்த பிறகு உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்தது. மீன் பிடிக்கிற படகை மாற்றிக் கட்டின படகு அது. 22 பேர் போனார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகள். ஒரே குடும்பத்தில் மட்டும் 11 பேர். பெருநாள், லீவு, ஞாயிறு... இந்த நாட்களில்தான் இது நடக்கிறது. வேலைக்குப் போகிறவன் படகைப் பார்த்து ஏறுகிறான். வேடிக்கைக்குப் போகிறவன் அக்கரையைப் பார்த்து ஏறுகிறான்.

"படகிலே எழுதியிருக்கிற தொகைக்கு மேல் ஏறாவிட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். அநேகமாகச் சரி. ஆனால் எழுதிய தொகையே பிழையாக இருந்த கதையும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் ஜோர்ஜ் ஏரி என்று ஒரு ஏரி. 2005ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி, நல்ல வெயில், தண்ணி அமைதி. ஈதன் அலன் என்ற சுற்றுலாப் படகில் 47 பயணிகள், பெரும்பாலும் வயதானவர்கள். 48 பேர் ஏற்றலாம் என்று பத்திரம் இருந்தது. ஆக, கணக்குக்குள்தான் ஏற்றினார்கள். ஆனாலும் அலையில் சாய்ந்து கவிழ்ந்து 20 பேர் மாண்டார்கள். பிறகு ஆராய்ந்து பார்த்தால், அந்தப் பத்திரம் ஆள் ஒருவருக்கு 140 இறாத்தல் என்று பழைய கணக்கில் போட்டது. வந்திருந்தவர்களோ சராசரி 178 இறாத்தல். படகையும் இடையிலே மாற்றிக் கட்டியிருந்தார்கள், புதிதாகக் கணக்குப் பார்க்கவில்லை. உண்மையில் அந்தப் படகு தாங்கக்கூடியது 14 பேரைத்தான் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பிறகு 2011இல் அந்த நாட்டில் ஆள் நிறைக் கணக்கை 185 இறாத்தலாகக் கூட்டினார்கள். உயிர்காப்பு அங்கி எல்லாம் அந்தப் படகிலேயே இருந்தது. ஒருவரும் போட்டிருக்கவில்லை. போட வேண்டும் என்று சட்டமும் இல்லை.

ஆக எழுதிய தொகை என்பது ஆகக் கூடிய எல்லை. அதற்குக் கீழே நின்றுகொள்வது நல்லது. பத்து என்றால் எட்டோடு போகலாம், குறைந்தா போய்விடுவோம்?

அங்கிக்கு வருவோம். இதில்தான் நம் ஆட்கள் அதிகமாகச் சாக்குச் சொல்கிறார்கள். "நாறுது", "உடுப்புக் கசங்குது", "போட்டோவுல நல்லா இல்ல", "எனக்கு நீந்தத் தெரியும்." அமெரிக்கக் கரையோரக் காவல் படையினர் வருசா வருசம் உல்லாசப் படகு விபத்துக் கணக்கு எடுக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் 564 பேர் இறந்தார்கள். இறந்த விதம் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 75 பேர் தண்ணியில் மூழ்கியவர்கள். அப்படி மூழ்கியவர்களில் நூற்றுக்கு 87 பேர் அங்கி போட்டிருக்கவில்லை. நல்ல படகு, நல்ல சட்டம், வசதி எல்லாம் உள்ள நாட்டிலேயே கணக்கு இப்படி. விபத்துக்குக் காரணமாக அவர்கள் முன்னுக்கு எழுதுவதும் எஞ்சின் கோளாறை அல்ல. ஓட்டுகிறவர் கவனமில்லாமல் இருந்தார், முன்னே பார்க்கவில்லை, பழக்கமில்லை, வேகம் போனார் என்றுதான் எழுதுகிறார்கள். உயிர் போன விபத்துகளில் தெரிந்த காரணம் என்று பார்த்தால், குடிதான் முதலில் நிற்கிறது.

குடி என்றதும் பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள் தம்பிமாரே. சுற்றுலா என்றாலே வானின் பின்சீட்டுக்குக் கீழே போத்தல் வருகிறது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. தரையில் குடித்தவன் விழுந்தால் எழுப்பி உட்கார வைக்கலாம். தண்ணியிலே விழுந்தவனுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிய வேண்டும். குடித்திருந்தால் அது தெரியாது. இந்த முறை குடித்தவர் படகில் ஏற முடியாது. தலைவரின் மச்சானாக இருந்தாலும் சரிதான். தலைவர் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறோம்.

அங்கியைப் போடுவது என்றால் தோளில் தொங்கப் போடுவது அல்ல. வார் எல்லாவற்றையும் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டிய பிறகு இன்னொருவர் இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். அங்கி காதுமட்டும் ஏறினால் அது உங்கள் அளவு அல்ல. பிள்ளைக்குப் பிள்ளை அளவு அங்கிதான் வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தால் காலிடுக்கு வழியாக வருகிற வார் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை கீழே வழுக்கிவிடும், அங்கி மட்டும் மேலே மிதக்கும். இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

நீந்தத் தெரிந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். கிரகரி வாவித் தண்ணியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்களுக்குக் குளிர் தெரியும். அப்படியான தண்ணியில் சட்டென்று விழுந்தால் நெஞ்சு தானாக மூச்சை இழுக்கும். நாம் வேண்டாம் என்றாலும் இழுக்கும். வாய் தண்ணிக்குள் இருக்கும்போது இழுத்தால் தண்ணிதான் உள்ளே போகும். முதல் ஒரு நிமிசம் மூச்சு நம்முடைய பேச்சைக் கேட்காது. ஆற்றிலே குதித்து விளையாடின பெரிய நீச்சல்காரனும் இதில் மாட்டிக்கொள்வான். அந்த ஒரு நிமிசம் முகத்தைத் தண்ணிக்கு மேலே வைத்திருப்பதுதான் அங்கியின் வேலை. கை கால் அடிக்காமல், மல்லாந்து, மூச்சு அடங்கும்வரை மிதக்க வேண்டும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதந்துகொண்டுதான் இருக்கும். அதை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது. கரை கிட்டத் தெரியும், போய்ச் சேர முடியாது. சேலை, சுவெட்டர், மழைக் கோட்டு எல்லாம் நனைந்து காலைச் சுற்றும். படகிலே ஏறுகிற அம்மாமார் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்குச் சுடிதார் போட்டு வாருங்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

ஒருவர் விழுந்ததும் அண்ணன் குதிக்கிறான், அண்ணனைப் பார்த்து மாமன் குதிக்கிறான். பாசம்தான். ஆனால் ஒரு சாவு மூன்று சாவாகிறது. மூழ்குகிறவர் கிடைத்ததைக் கட்டிப் பிடிப்பார். காப்பாற்றப் போனவரையும் சேர்த்து அமுக்குவார். கயிற்றை வீசுங்கள், கம்பை நீட்டுங்கள், மூடி இறுக்கிய வெறுங் கேனை எறியுங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு சேலையை முடிந்து எறியுங்கள். தூக்கி எடுத்தவரைக் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சு இல்லையென்றால் நேரம் கடத்தாமல் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அமுக்க வேண்டும். 1990 இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. மூச்சு ஊதுவதையும் நெஞ்சை அமுக்குவதையும் வாயால் சொல்லி விளங்கவைக்க முடியாது. டிஸ்பென்சரி மருத்துவ உதவியாளரிடம் கேட்டிருக்கிறோம். புறப்படுகிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளை மடுவத்தில் செய்து காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் நாம் ஏன் வாய் திறப்பதில்லை? இதுதான் எங்களை உறுத்துகிற கேள்வி. 2011இல் அந்தப் படகில் ஏறின பதினாறு பேரில் பாதிப் பேருக்காவது "இது கூட" என்று மனதிலே பட்டிருக்கும். பிறகு விசாரித்தபோது மூன்று பேர் அப்படியே சொன்னார்கள். "ஐயாவே ஏறச் சொல்றாரு, நாம என்னத்தச் சொல்றது" என்றார்களாம். எங்களுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. படகோட்டியோ, காசு கொடுக்கிறவர்கள் கேட்கிறார்கள், மறுத்தால் முதலாளி ஏசுவார் என்று இருந்தான். நாங்களோ, படகோட்டிக்குத் தெரியாததா, அவனே ஏற்றுகிறானே என்று இருந்தோம். ஆளுக்கு ஆள் மற்றவரை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கொழுந்துத் தராசில் அரைக் கிலோ குறைத்துப் போட்டால் கணக்கப்பிள்ளையை விடுவீர்களா? "இன்னொருக்கா நிறுங்க" என்று கேட்கிறவர்கள்தானே நீங்கள். பெரிய துரை நின்றாலும் கேட்பீர்கள். கூடையைத் தூக்கிப் பார்த்தே பாரம் சொல்கிற ஆட்கள். அந்த வாய் ஏரிக்கரைக்குப் போனதும் எங்கே போகிறது? ஊர் புதிது, பாஷை புதிது, நல்ல உடுப்புப் போட்ட சனம் சுற்றி நிற்கிறது. நாம் ஏதாவது கேட்டால் தோட்டத்தான் என்று சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். எங்களுக்கும் அந்தக் கூச்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் படகில் ஏறி நடுத்தண்ணிக்குப் போன பிறகு கேட்டுப் பிரயோசனம் இல்லை. கேட்கிற இடம் கரைதான். ஏறாமல் நிற்கவும் கரையில்தான் முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், சுற்றுலாவோடு சேராவிட்டாலும். காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டுக்கு லீவில் போகிற பெடியன்கள் டயர் டியூப்பில், பீப்பாய் கட்டின தெப்பத்தில் நீர்த்தேக்கத்தில் இறங்குகிறார்களாம். மவுசாக்கலைத் தண்ணிக்குள்ளே பழைய மஸ்கெலியா டவுன் கிடக்கிறது. தண்ணி வற்றினால் கோயில் தெரிகிறதைப் பார்த்திருப்பீர்கள். கீழே சுவரும் தூணும் மரக்கட்டையும் எங்கே நிற்கிறது என்று மேலே இருந்து தெரியாது. சித்திரை மாதம் பின்னேரம் இடியோடு மழை இறங்குவதும் வழமை. காலையில் கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணி மூன்று மணிக்கு வேறு தண்ணி. அதனால்தான் எங்கள் சுற்றுலாவிலும் படகை இந்த முறை காலையிலேயே வைத்திருக்கிறோம், பூந்தோட்டம் பின்னேரம்.

சரி, ஏற்பாட்டுக்கு வருவோம். படகுக் காசை இந்த வருசம் தலைக்கு எண்பது ரூபாய் கூட்டியிருக்கிறோம். இரண்டு தடவையாக, தேவைப்பட்டால் மூன்று தடவையாக ஏறுவதற்குத்தான் அந்தக் காசு. முணுமுணுப்புக் கேட்டது. கணக்கை மாதர் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம், யாரும் பார்க்கலாம். மடிப்பிள்ளையும் ஓர் ஆள்தான், எண்ணிக்கையில் சேரும். பிள்ளை அளவு அங்கி இல்லையென்றால் பிள்ளை கரையில் நிற்கும். யாராவது ஒரு பெரியவரும் கூட நிற்க வேண்டும், அது நாங்களாகவும் இருக்கலாம். அங்கியே இல்லை, அல்லது படகு சரியில்லை என்று பட்டால் ஒருவரும் ஏறுவதில்லை. காசு திருப்பிக் கொடுக்கப்படும், கரையில் இருந்தபடி சோற்றைச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

கரையில் நின்று ஆள் எண்ணுகிற வேலைக்கு, கந்தோருக்கு வந்த அந்த அம்மாவையே கேட்டோம். "எனக்குச் சிங்களம் வராதுங்களே ஐயா" என்றார். எண்ணுவதற்கு எதற்குச் சிங்களம் என்று சொன்னோம். யோசித்துவிட்டுச் சரி என்றிருக்கிறார். அன்றைக்கு அவர் கையை நீட்டி "போதும்" என்றால் போதும். எங்களுக்கும் அதுதான் சட்டம்.

பேர் கொடுக்கிறவர்கள் வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கந்தோரிலோ, டிவிசன் தலைவர்மாரிடமோ கொடுங்கள். பிள்ளைகளின் பேரோடு வயதையும், தெரிந்தால் நிறையையும் எழுதுங்கள். பிள்ளை மடுவத்துத் தராசில் நிறுத்துக்கொள்ளலாம். அங்கி அளவு எத்தனை வேண்டும் என்று படகுக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. வான் விடிய ஐந்து மணிக்குக் கோயிலடியில் நிற்கும்.